கிராஞ்சி முதல் லிம் சூ காங் படகுத்துறை வரை: அமைதியான சாலையில் சைக்கிள் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கி, கிராஞ்சி நீர்த்தேக்க அணையைக் கடந்து, நியோ தியூ சாலையின் மர நிழலில் போய், லிம் சூ காங் சாலை கடலில் முடியும் இடத்தில் திரும்பி வரும் வழி இது. போக வர முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். மூச்சு வாங்க வைக்கும் மேடு எதுவும் இல்லை.

பல ஞாயிற்றுக்கிழமைகள் புதியவர்களை இந்த வழியில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். கால் வலு இல்லாமல் திணறியவர்கள் ரொம்பக் குறைவு. தாமதமாகக் கிளம்பியது, தண்ணீர் போதாமல் போனது, டயரைப் பார்க்காமல் வந்தது, இவைதான் ஆட்களை மடக்கின. எல்லாமே வீட்டை விட்டு இறங்கும் முன்பே சரிசெய்திருக்கக் கூடியவை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்குப் பாதி, சைக்கிளில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான்.

1. முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

எந்தச் சாலை என்று யோசிப்பதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். நியோ தியூ சாலை ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு சாலை, வாரநாள் காலை 10 மணிக்கு வேறு சாலை. வாரநாளில் பண்ணைச் சரக்கு லாரிகள், கட்டுமான லாரிகள், ராணுவ வண்டிகள் எல்லாம் அதே ஒற்றைத் தடத்தில் வரும். ஞாயிறன்று அவற்றில் பெரும்பகுதி இருக்காது. சனிக்கிழமை இரண்டுக்கும் நடுவில். முதல் பயணத்துக்கு ஞாயிறு அல்லது பொது விடுமுறை நாள்தான் சரி.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கிறது. 7 மணிக்கு நிலைய வாசலில் சைக்கிளோடு நின்றால், நல்ல வெளிச்சத்தில், வெயில் ஏறும் முன் அணையைத் தாண்டிவிடலாம். ஒன்பதரைக்குள் திரும்பி வருவதுதான் கணக்கு. அதற்கு மேல் பண்ணைகளைப் பார்க்க வருபவர்களின் கார்கள் கூடும். தார்ச்சாலையும் அனலடிக்கத் தொடங்கும்.

ஒருமுறை நண்பர்கள் வசதிக்காக 9.15க்குக் கிளம்பினோம். லிம் சூ காங் சாலையில் திரும்பிச் சற்று தூரம் போனதும் எங்களில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முகம் சிவந்து, வியர்வை நின்றுபோயிருந்தது. பேருந்து நிறுத்த நிழலில் உட்கார வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம். அரைமணி நேரத்தில் தெளிந்துவிட்டார், ஆனால் ஓட்ட விடவில்லை. வேன் வைத்திருக்கும் ஒரு நண்பரை எழுப்பி வரவழைத்து, வண்டியோடு வீட்டுக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து என்னோடு வருபவர்களுக்கு 7 மணி என்றால் 7 மணிதான்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. லிம் சூ காங் சாலையின் தென்முனையில் சுவா சூ காங் இடுகாடுகள் இருக்கின்றன. ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோரின் கல்லறைக்குப் போகும் சிங் மிங் நாளை ஒட்டிய வார இறுதிகளில் விடிவதற்கு முன்பே அங்கே கார் வரிசை கட்டும். நோன்புப் பெருநாள் காலையிலும் அப்படித்தான். அந்த நாட்களில் தென்பக்கம் போகவே வேண்டாம்.

மழைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான், காலை நமக்குக் கிடைக்கும். கிளம்பும் முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மழைப்படத்தைப் பாருங்கள். புகைமூட்ட மாதங்களில் காற்றுத்தரக் குறியீட்டையும் பாருங்கள்.

2. மூன்று பழக்கங்களை வீட்டுப் பக்கத்திலேயே பழகுங்கள்

பூங்கா இணைப்புப் பாதையில் பத்து ஆண்டு ஓட்டியவராக இருந்தாலும் சாலைக்குப் புதியவர் புதியவர்தான். இந்த மூன்றும் கைவராமல் கிராஞ்சிக்கு வரவேண்டாம்.

வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடியே நேர்கோட்டில் ஓட்டுவது முதலாவது. பெரும்பாலோர் தலையைத் திருப்பும்போது கையும் சேர்ந்து திரும்பி, சைக்கிள் வலப்பக்கம் ஒரு முழம் நகரும். பின்னால் லாரி வரும்போது அந்த ஒரு முழம் உயிர் சமாசாரம். காலியான இடத்தில் தரைக்கோடு ஒன்றின் மேல் ஓட்டி, திரும்பிப் பார்த்து, கோட்டை விடாமல் போகப் பழகுங்கள்.

ஒரு கையை நீட்டிச் சைகை காட்டியபடி ஓட்டுவது இரண்டாவது. ஓடும்போதே தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்து, பார்க்காமல் திரும்ப வைப்பது மூன்றாவது. இது வராதவர்கள் தாகம் எடுத்தாலும், நிற்கத் தயங்கி, குடிக்காமலே போய்க்கொண்டிருப்பார்கள். மேலே சொன்ன நண்பரும் அப்படித்தான். அவருடைய இரண்டாவது புட்டி திறக்கப்படாமலே இருந்தது.

3. சைக்கிளை முந்தின நாளே பாருங்கள்

காலையில் பார்த்தால் கோளாறு தெரியும், சரிசெய்ய நேரம் இருக்காது. சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. கைப்பிடி வரை பிரேக் நெம்புகோல் வந்து முட்டினால் கம்பியை இறுக்க வேண்டும். கையால் பிடிக்கும் பிரேக் இல்லாத சைக்கிளை ஓட்ட இங்கே சட்டம் இடம் தராது.

காற்று விஷயத்தில் இரண்டு விதமான தவறு பார்க்கிறேன். மாதக்கணக்கில் காற்றடிக்காமல் வருபவர்கள் ஒரு பக்கம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை அடித்துவிட்டு வருபவர்கள் மறுபக்கம். அந்த எண் டயர் தாங்கும் எல்லை, அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு சிறுமேட்டிலும் துள்ளும், ஈரச்சாலையில் பிடிப்பு குறையும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு, 28 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றழுத்தம் 75 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் போதும். மழை பெய்த சாலை என்றால் அதிலும் ஐந்து குறைக்கலாம்.

பிறகு டயரின் மேற்பரப்பை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். கண்ணாடித்துண்டு, கல் எது ஒட்டியிருந்தாலும் குச்சியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இன்று குத்தாத துண்டு, சுழன்று சுழன்று உள்ளே இறங்கி அடுத்த வாரம் குத்தும்.

பின்விளக்கு, முன்விளக்கு இரண்டுக்கும் முழு மின்னேற்றம் வேண்டும். இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பது சட்டம். இந்த வழியில் பகலிலும் பின்விளக்கை எரியவிடச் சொல்வேன். நியோ தியூ சாலையில் மரநிழல் அடர்த்தியாக விழும், இடையிடையே வெயில் பளீரென்று அடிக்கும். வெயிலிலிருந்து நிழலுக்குள் வரும் ஓட்டுநரின் கண் பழக ஓரிரு நொடி ஆகும். அந்த நொடியில் அவருக்குத் தெரிவது மின்னும் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு இரண்டு புட்டி, முக்கால் லிட்டர் வீதம். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது நகரத்துப் பழக்கம். வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே இருப்பதுபோல் இங்கே காப்பிக் கடையோ மினிமார்ட்டோ கிடையாது. ஒரு புட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டது. வியர்வையில் போகும் உப்பைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மோர் கொண்டுவர வேண்டாம், வெயிலில் புளித்துவிடும்.

ஓர் உதிரி டியூப், டயர் நெம்பும் பிளாஸ்டிக் கரண்டி இரண்டு, சிறு பம்பு, சக்கர அச்சுக்குப் பொருந்தும் திருகி. டியூபின் அளவு உங்கள் டயருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மடக்குச் சைக்கிளின் 20 அங்குலச் சக்கரத்துக்குப் பெரிய டியூப் வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் 20 அங்குலத்திலேயே இருவேறு விட்டங்கள் உண்டு. டயரில் 406 அல்லது 451 என்று எழுதியிருக்கும் எண்ணைக் கடையில் காட்டுங்கள்.

கைப்பேசி, அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், இரண்டு வாழைப்பழம், ஒரு பழைய பருத்தித் துணி. துணி எதற்கு என்று பத்தாம் பகுதியில் சொல்கிறேன்.

5. விதிகளில் இவற்றை மறக்காதீர்கள்

சாலையில் தலைக்கவசம் கட்டாயம். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டக் கூடாது. நடைபாதையில் போக நேர்ந்தால் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25.

குழுவாகப் போகும்போது பலரும் தவறுவது ஒன்று உண்டு. ஒரே திசையில் ஒற்றைத் தடம் மட்டும் இருக்கும் சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும், வரிசையில் ஐந்து பேர் வரைதான். நியோ தியூ சாலை அப்படிப்பட்டது. இரண்டு தடம் இருந்தால் இருவர் இணையாகப் போகலாம், அப்போதும் வரிசை நீளம் ஐந்து சைக்கிள், ஆக மொத்தம் பத்துப் பேர். 2022 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது, மீறினால் 150 வெள்ளி அபராதம்.

எட்டுப் பேர் வந்தால் நான்கு நான்காகப் பிரியுங்கள். இரு குழுவுக்கும் நடுவே இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி இருக்கட்டும். பின்னால் வரும் கார் நான்கு பேரைத் தாண்டி, இடைவெளியில் உள்ளே வந்து, எதிரே பார்த்து, அடுத்த நான்கு பேரைத் தாண்ட முடியும். எட்டுப் பேரை ஒரே மூச்சில் தாண்டப் பார்க்கும் ஓட்டுநர்தான் எதிர்த்தடத்தில் மாட்டிக்கொள்கிறார். விதியின் காரணம் புரிந்தால் யாரும் முணுமுணுப்பதில்லை.

6. கிராஞ்சிக்குப் போய்ச் சேருங்கள்

மடக்குச் சைக்கிள் என்றால் எம்ஆர்டியில் கொண்டுபோகலாம். மடக்கிய நிலையில் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதாரண சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாது. ஞாயிறன்று முதல் ரயில் வாரநாளைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பும், உங்கள் நிலையத்து நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கோடியிலிருந்து வருபவர்கள் இதைப் பார்க்காமல்தான் அரைமணி நேரம் தாமதமாகிறார்கள்.

வாடகைச் சைக்கிளில் வரலாமா என்று கேட்பவர்களுக்கு: தெருவில் நிற்கும் பகிர்வுச் சைக்கிள் கனமானது, பற்சக்கர மாற்றம் பெரும்பாலும் இருக்காது, டியூப் மாற்ற வழியில்லை. இந்தத் தூரத்துக்கு அது தோதுப்படாது. நண்பரிடம் நல்ல சைக்கிளாக ஒருநாள் இரவல் வாங்குங்கள்.

7. நிலையத்திலிருந்து அணை வரை

உட்லண்ட்ஸ் சாலையில் இறங்கி, கிராஞ்சி சாலை வழியாக கிராஞ்சி வே பிடிக்க வேண்டும். அமைதியைத் தேடி வந்தவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இது தொழிற்பேட்டைப் பக்கம். ஞாயிறிலும் ஒன்றிரண்டு கனரக வண்டிகள் வரும், சாலையில் மணலும் கல்லும் சிந்திக் கிடக்கும். நிதானமாக, ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல் கடந்துவிடுங்கள்.

விதிப்படி நம் இடம் சாலையின் இடது ஓரம். அதற்காக வடிகால் மூடியின் மேல் ஓட்ட வேண்டும் என்பதில்லை. மூடியின் ஈரமான இரும்பு வழுக்கும், குப்பையெல்லாம் அங்கேதான் சேரும். அதிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி ஒரே கோட்டில் போங்கள். ஓரத்தோடு ஒட்டிப் போய், குழி வந்ததும் சட்டென்று வலப்பக்கம் வெட்டுவதுதான் ஆபத்து. பின்னால் வருபவர் உங்கள் அடுத்த அசைவை ஊகிக்க முடிய வேண்டும்.

அணை திறந்த வெளி. உங்கள் இடப்பக்கம் நீர்த்தேக்கம், வலப்பக்கம் ஜோகூர் நீரிணை, அதற்கப்பால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள். மறைப்பு எதுவும் இல்லாததால் காற்று பக்கவாட்டில் தள்ளும். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, முழங்கையை மடக்கி வையுங்கள். விறைத்த கையில்தான் காற்று விளையாடும். படம் எடுக்க விரும்பினால் அணையைத் தாண்டியதும் சாலையை விட்டு விலகி நின்று எடுங்கள், அணை மேல் நிற்க இடமில்லை.

8. சுங்கை பூலோவில் ஒரு நிறுத்தம், அப்புறம் நியோ தியூ

அணையைத் தாண்டியதும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் வரும். காலை 7 மணிக்குத் திறக்கும். கழிவறை இருக்கிறது. இதற்குப் பிறகு நம்பிப் போகக்கூடிய கழிவறை இந்த வழியில் கிடைப்பது அரிது, அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் போய் வந்துவிடுங்கள். காப்பகத்துக்குள் சைக்கிள் ஓட்டக் கூடாது. முதலை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் அதற்கு வேறொரு நாள் நடந்து வாருங்கள். இன்று உள்ளே போனால் ஒரு மணி நேரம் போய்விடும், அந்த ஒரு மணி நேரத்தை வெயில் எடுத்துக்கொள்ளும்.

இங்கிருந்து நியோ தியூ கிரசென்ட், பிறகு நியோ தியூ சாலை. நாம் வந்ததே இந்தச் சில கிலோமீட்டர்களுக்காகத்தான். சாலை மெல்ல வளைந்து வளைந்து போகும். இருபுறமும் மரங்கள், இடையில் கீரைப் பாத்திகளின் வலைப்பந்தல், கோழியெருவின் வாடை. நிழலில் நுழையும்போது கைமயிர் சிலிர்க்கும் அளவுக்குக் குளிர்ச்சி தெரியும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் அணையை விட்ட வேகத்தோடு இந்த இடத்தைப் பத்தே நிமிடத்தில் தாண்டிவிட்டு, கடைசியில் வெயிலடிக்கும் லிம் சூ காங் சாலையில் மூச்சு வாங்க மெதுவாகப் போகிறார்கள். நிழலில் ஆற அமரப் போய், வெயிலில் சீராக மிதியுங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. வளைவுகளில் எதிரே வரும் கார் நம் தடத்துக்குள் வரக்கூடும், ஓரத்திலேயே இருங்கள். பண்ணை வாசல்களுக்கு முன்னால் லாரிச் சக்கரம் இழுத்துவந்த சேறு இருக்கும். மழைக்கு மறுநாள் அது சோப்புத்தண்ணீர் மாதிரி வழுக்கும், அதன் மேல் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், நேராக உருண்டு போங்கள். நிழலில் எப்போதும் ஈரமாக இருக்கும் இலைக்குவியலுக்கும் இதே கதைதான்.

பண்ணைக்குள் போக ஆசைப்பட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டு வாருங்கள். இந்தப் பகுதியில் நிலக்குத்தகை முடிந்து மூடிய பண்ணைகள் பல. இணையத்தில் இன்னும் திறந்திருப்பதாகவே காட்டும்.

9. லிம் சூ காங் சாலையில் வலப்பக்கம் திரும்பி, கடல் வரை

நியோ தியூ சாலை லிம் சூ காங் சாலையில் போய் முட்டும். வலப்பக்கம் திரும்பினால் வடக்கு, படகுத்துறை. வலப்பக்கத் திருப்பம் புதியவர்களுக்குச் சிரமம். தயக்கம் இருந்தால் சந்திப்புக்கு முன்பே இறங்கி, இருபுறமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடந்து, மறுபக்கம் ஏறிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நானே வண்டி அதிகம் வரும் நாளில் அப்படித்தான் செய்வேன்.

இந்தச் சாலை நேராகவும் அகலமாகவும் இருப்பதால் கார்கள் வேகமாக வரும். சத்தத்தைக் கேட்டுப் பதறி ஓரத்துக்கு ஒடுங்காதீர்கள். சரியாக முந்தும் ஓட்டுநர் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுவார், நீங்கள் நேராகப் போனால் அது அவருக்கு எளிது.

சிவப்பு எழுத்தில் தடைப்பலகை வைத்த கிளைப்பாதைகள் ராணுவத்துடையவை. உள்ளே திரும்பவும் வேண்டாம், அவற்றைப் படம் எடுக்கவும் வேண்டாம். துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்களங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. செயலி காட்டும் குறுக்குவழி அதன் வழியாகப் போகிறதா என்று யோசிக்காமல் திரும்பியவர்கள் உண்டு.

சாலை முடியும் இடத்தில் படகுத்துறை. மீன் பண்ணைக்காரர்கள் சரக்கு ஏற்றி இறக்கும் இடம், வழியை அடைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். வாழைப்பழத்தைச் சாப்பிட்டு, முதல் புட்டி காலியாகிவிட்டதா என்று ஒவ்வொருவரும் பாருங்கள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் நீங்கள் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். அங்கேயே குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

திரும்பும் வழி வந்த வழியேதான். முதல் பயணத்தில் வேறு வழி தேட வேண்டாம். எங்கே குழி, எங்கே சேறு என்று இப்போது உங்களுக்குத் தெரியும், அந்தத் தெம்பு பெரிது.

10. வழியில் வரக்கூடியவை

நாய்கள். பண்ணைப் பக்கம் தெருநாய்கள் உண்டு, விடியலில் கூட்டமாக நிற்கும். வேகமாக மிதித்துத் தப்பிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஓடும் காலைத்தான் நாய் துரத்தும். வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, கண்ணோடு கண் பார்க்காமல் மெல்ல நடங்கள். நூறடி போனதும் அவற்றுக்கு ஆர்வம் போய்விடும். குரங்குகளுக்கு முன் பையைத் திறக்காதீர்கள்.

இடி. முதல் உறுமல் கேட்டதுமே அணையையும் திறந்தவெளிச் சாலையையும் விட்டு விலகுங்கள். தனி மரத்தடி வேண்டாம். பக்கத்தில் கட்டடமோ கூரையுள்ள பேருந்து நிறுத்தமோ இருந்தால் அங்கே காத்திருங்கள். மழை நின்றபின் சாலைக்கோடுகளின் வெள்ளைப் பூச்சு வழுக்கும், அவற்றின் மேல் வளைந்து திரும்பாதீர்கள்.

பஞ்சர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப்பேர் இதில்தான் இரண்டாவது டியூபையும் இழக்கிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை, ஒருநாள் எங்களோடு வந்தார். நியோ தியூவில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. கைவேலை தெரிந்தவர், ஐந்து நிமிடத்தில் டியூபை மாற்றிவிட்டார். ஒரு கிலோமீட்டர் போவதற்குள், “அண்ணே, மறுபடியும் காத்துப் போயிடுச்சு” என்றார்.

“டயருக்குள்ள துணி விட்டுப் பாத்தீங்களா தம்பி?”

“இல்லண்ணே, வெளிய பாத்தேன், ஒண்ணும் இல்ல.”

டயரைக் கழற்றி, பருத்தித் துணியை உட்புறம் வைத்து மெல்லச் சுற்றி இழுத்தோம். ஓரிடத்தில் நூல் மாட்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரல்நுனியில் முள்மாதிரி குத்தியது. நகத்தால் பிடித்து இழுத்தால் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, அரிசி நீளம்கூட இல்லை. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் எஃகுக் கம்பி அது. லாரி ஓடும் சாலையோரத்தில் நிறையக் கிடக்கும். வெளியே எவ்வளவு பார்த்தாலும் தெரியாது.

ஆகவே வரிசை இது: டியூபைக் கழற்று, துணியால் டயரின் உட்புறத்தை இரண்டு சுற்றுத் துழாவு, குத்தியதை எடு, புது டியூபில் கொஞ்சம் காற்றடித்து உருண்டையாக்கி உள்ளே வை, டயர் விளிம்பைக் கையாலேயே ஏற்று. வெறும் டியூபை அப்படியே திணித்தால் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே மாட்டிக் கிழியும். முழுக்காற்று அடிக்கும் முன் இருபக்கமும் டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

யாராவது விழுந்து அடிபட்டால் 995. இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாமல் திணறுவது வழக்கம், சுற்றிலும் மரமாகத்தான் இருக்கும். பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஓர் எண் இருக்கும். சாலைப் பெயரையும் அந்த எண்ணையும் சொன்னால் ஆம்புலன்ஸ் நேரே வந்துவிடும்.

11. மூன்று நான்கு முறை போய் வந்த பிறகு

படகுத்துறையிலிருந்து வந்தவழியே திரும்பாமல், லிம் சூ காங் சாலையிலேயே தெற்கே போய், பழைய சுவா சூ காங் சாலை வழியாக சுவா சூ காங் எம்ஆர்டியில் முடிக்கலாம். மடக்குச் சைக்கிள் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. நடுவில் ஒரு நீண்ட நேர்த்துண்டு வரும். தேவைப்பட்டால் விளக்குக் கம்பங்களையும் தடுப்புகளையும் அகற்றி, 2,500 மீட்டர் நீள ஓடுபாதையாக விமானப்படை மாற்றிக்கொள்ளும் பகுதி அது. நிழல் என்று எதுவும் இல்லை, தண்ணீரை மிச்சம் வைத்துக்கொண்டு நுழையுங்கள். அந்தப் பயிற்சி நடக்கும் நாட்களில் சாலையை மூடுவார்கள், அறிவிப்பு முன்கூட்டியே வரும். தெங்கா விமானத்தளம் விரிவடைவதால் அந்தப் பக்கத்துச் சாலையமைப்பு மாறியிருக்கிறது. பழைய வரைபடத்தை நம்பாமல் அன்றைய வரைபடத்தைப் பாருங்கள். பழைய சுவா சூ காங் சாலையில் வண்டிகள் அதிகம், பழகாத ஒருவர் குழுவில் இருந்தாலும் இந்த வழியைத் தள்ளிப்போடுவேன்.

கார் பயமே இல்லாமல் குடும்பத்தோடு ஓட்ட வேண்டும் என்றால் புலாவ் உபின் தீவு. சாங்கி முனையிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், காலையில் சீக்கிரம் போனால் காத்திருப்பு குறைவு. ரொக்கம் கையில் இருக்கட்டும். கிராமத்தில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிளின் பிரேக்கைக் கடை வாசலிலேயே சோதியுங்கள், அங்கே கிராஞ்சியில் இல்லாத செங்குத்தான இறக்கங்கள் உண்டு. செக் ஜாவா ஈரநிலத்தின் வாசலில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். இருட்டுவதற்கு முன் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

12. வீட்டுக்கு வந்ததும்

குளிப்பதற்கு முன் பத்து நிமிடம். சங்கிலியைப் பழந்துணியால் பிடித்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். அணையில் கடற்காற்று, பண்ணையில் சேறு இரண்டும் பட்டிருக்கும், ஒரே இரவில் துருப்பிடிக்கும். உலர்ந்ததும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து நிமிடம் கழித்து வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுத்து மண்ணை இழுக்கும்.

பயன்படுத்திய டியூபுக்குப் பதில் புதியதை அன்றே வாங்கிப் பையில் வையுங்கள். விளக்குகளை மின்னேற்றத்தில் போடுங்கள். புட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள், எலுமிச்சையும் சர்க்கரையும் தங்கினால் அடுத்த ஞாயிறுக்குள் பூசணம் பிடித்துவிடும்.